மூன்று பூட்டு வாசல்

சகல கோவில்களுக்கும், சபைகளுக்கும், சபையாக வளர இருக்கின்ற செபக்கூட்டங்களுக்கும், எதையும் சாராமல் வெயிலுக்கு ஒதுங்கி நின்று கேட்பவர்களுக்கும் இத்தால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பாபேல் கோபுரத்தடியில் மனுக்குலம் சிதறிய நாளிலிருந்து உலகம் ஏங்கிக் காத்திருந்த ஒற்றுமை, விசுவமடுவுக்குக் கிழக்கே, வாய்க்கால் பாலம் தாண்டி இரண்டாம் ஒழுங்கையில் இருக்கும் சேமக்காலை வாசலில் நிறைவேறிவிட்டது. இனி வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இந்த அறிவித்தலை ஒற்றுமைப் பேரவையின் செயலாளர் அருமைநாயகம் மாஸ்ரர் ஒலிபெருக்கியில் வாசித்தபோது நல்ல கைதட்டு விழுந்தது. வாசலும் கைதட்டலுக்கு உரிய வாசல்தான். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய காசில் எழுந்த வளைவு. உச்சியில் ஒன்றையொன்று பற்றிய மூன்று சீமெந்துக் கைகள். மேசன் கொஞ்சம் அவசரப்பட்டதால், அவை கைகுலுக்குகின்றனவா அல்லது பிடுங்குப்படுகின்றனவா என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது. வளைவின் கீழே இரும்புக் கேற். கேற்றில் மூன்று ஆமைப்பூட்டுகள்.

அந்தப் பூட்டுகளில்தான் இறையியல் இருந்தது. ஊரில் பெரிய கோவில் ஒன்று, மிஷன் கோவில் ஒன்று, தகரக் கூரை போட்ட செபவீடு ஒன்று. மூன்றுக்கும் செத்தால் புதைக்க ஒரே சேமக்காலை. முன்பெல்லாம் ஒருவர் சவத்துக்கு மற்றவர் பாதை விடாமல் நின்று, பொலிஸ் வந்து பாதை எடுத்த நாட்களும் உண்டு. அதற்கு முடிவாகப் பேரவை இந்த ஏற்பாட்டைக் கண்டது: ஆளுக்கொரு பூட்டு, அதைத் திறக்க ஆளுக்கொரு திறப்பு. மூவரும் ஒன்றாக வந்தால் மட்டுமே வாசல் திறக்கும். “ஒற்றுமை இல்லாட்டி உள்ளுக்குப் போகேலாது. செத்தாலும் போகேலாது” என்று மாஸ்ரர் திறப்புவிழாவில் விளக்கினார். அவர் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர்.

மதில்தான் இன்னும் இல்லை. நெகேமியா எருசலேமின் மதிலை எப்படிக் கட்டினார், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் வாசலுக்கு நேரே எப்படிக் கல் அடுக்கினர் என்று மூன்று கோவில்களிலும் மூன்று ஞாயிறு பிரசங்கம் நடந்தது. ஆளுக்கொரு பக்கம் என்று பங்கும் பிரித்தாயிற்று. முதற்கல்லை யார் வைப்பது என்பதில் மட்டும் பேச்சுவார்த்தை தொடர்ந்தது. ஆகவே வாசல் மட்டும் வெளிக்குள்ளே தனியே நின்றது. மாடுகள் தூணுக்கு அருகால் போய் மேய்ந்துவிட்டு, தூணுக்கு அருகால் திரும்பின. வாசலால் வரவேண்டும் என்ற விதி மாடுகளுக்குப் பொருந்துமா என்று பேரவை ஆராயவில்லை. மாடுகள் தாமாகவே ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தன.

திறப்புவிழாவுக்குப் பிறகு ஊரில் கிறிஸ்தவர் ஒருவரும் சாகவில்லை. பேரவைக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை இருந்தது.

ஒற்றுமை வாரத்தின் மூன்றாம் நாள் திரேசம்மா அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார்.

அவருடைய புருசன் சந்தியாப்பிள்ளை மேட்டுக்காணியில் கச்சான்கடலை போடுகிறவர். விடிய எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்து, “இந்தா” என்றார். பதில் இல்லை. இன்னொருதரம் சொன்னார். பிறகு கையைத் தொட்டுப் பார்த்தார். தேத்தண்ணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. தானே குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலிக்கு மேலால் அடுத்த காணி இளையதம்பியைக் கூப்பிட்டார்.

“தம்பி, மனுசி மோசம் போயிட்டா போல.”

இளையதம்பி சைவம். நெல் விதைக்கிறவர். அவர் வந்து பார்த்துவிட்டு, “போலயில்லை அண்ணை” என்றார்.

அழுகை வருமென்று சந்தியாப்பிள்ளை காத்திருந்தார். வரவில்லை. அவருக்கு இது பழக்கமான விஷயம். மகன் நிரோஜனை இரண்டாயிரத்து ஒன்பதில் கடற்கரையோரம், பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே மண்போட்டு மூடியபோதும் வரவில்லை. அன்று பக்கத்துக் குழியில் இருந்தவர் ஒருவர் ஊர்ந்து வந்து செபம் சொன்னார். எந்தச் சபை என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னர் திரும்பிப் போய்த் தேடியபோது அந்த இடமே இடமாக இல்லை. அதனால் ஊர்ச் சேமக்காலையில் மகனின் பெயரெழுதிய சிலுவை ஒன்றை மட்டும் நட்டார்கள். அடியில் யாரும் இல்லை. திரேசம்மா மாரியில் புல்லுப் பிடுங்கி, கோடையில் தண்ணி ஊற்றி, அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டார். “என்னை இதுக்குப் பக்கத்தில வையுங்கோ. வேற எங்கையும் வேண்டாம்” என்று சொல்லியிருந்தார். தன் வாழ்நாளில் அவர் கேட்ட பெரிய காரியம் அது ஒன்றுதான்.

பரந்தனிலிருந்து பிரேதத்தைப் பதப்படுத்த வந்த மலர்ச்சாலைக்காரர் தன் வேலையை முடித்துக் கைகழுவும்போது சொன்னார்: “நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள எடுத்துப்போடுங்கோ ஐயா. அதுக்கு மேல நான் பொறுப்பில்லை.”

சந்தியாப்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு திறப்புகளைத் தேடிப் போனார்.

மூன்று திறப்புக்காரரும் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்கள். ‘ஒருமனப்பட்டு உழைத்தல்’ செயலமர்வு. பயிற்சி நடத்த வவுனியாவிலிருந்து வந்த வளவாளர் சஜீவன் கழுத்தில் விசில் போட்டிருந்தார். பெரிய கோவில் சுவாமி, மிஷன் கோவில் போதகர், செபவீட்டுப் பாஸ்ரர் மூவரையும் தோளோடு தோள் நிறுத்தி, காலோடு காலைத் துவாயால் கட்டியிருந்தார். நடுவில் நின்ற போதகருக்குச் சொந்தக் கால் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

“சுவாமி, மனுசி மோசம் போயிட்டா” என்றார் சந்தியாப்பிள்ளை.

“ஐயோ, திரேசம்மாவோ!” என்று சுவாமி அவர் கையைப் பிடிக்க முன்னால் வந்தார். மற்ற இருவரும் வரவில்லை. மூவரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். அன்றைய பயிற்சியில் மூவரும் ஒரே நேரத்தில் செய்த ஒரே காரியம் அதுதான் என்பதால் சபை கைதட்டியது.

“இந்தப் பயிற்சி முடியும்வரைக்கும் கட்டு அவிழ்க்கேலாது” என்றார் வளவாளர். “ஐயா, நீங்களும் இருங்கோ. உங்களுக்கும் பிரயோசனமா இருக்கும்.”

சந்தியாப்பிள்ளை கதிரையில் இருந்தார்.

அடுத்தது அவயவப் பயிற்சி. சபை என்பது ஒரே உடல், நாமெல்லாம் அதன் உறுப்புகள் என்று அப்போஸ்தலர் எழுதியதை வளவாளர் விளக்கி, உறுப்புகளின் பெயர் எழுதிய மட்டைகளை மேசையில் பரப்பினார். விருப்பமானதை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ளலாம். தலை கர்த்தர்தான் என்பதில் மூவருக்கும் ஒரு துளி கருத்து வேறுபாடு இல்லை. ஒற்றுமை வாரத்தின் மிகப் பெரிய வெற்றி அது. ஆனால், தலையைத் தாங்குகிற கழுத்து யார் என்ற கேள்வி வந்தது.

“கழுத்து எண்டால் தொன்மை வேணும்” என்றார் சுவாமி. “இரண்டாயிரம் வருசமாய்த் தாங்குறம்.”

“தாங்கித் தாங்கிக் கழுத்து பிடிச்சுப்போச்சு, திரும்பேலாமல் கிடக்கு எண்டுதானே நாங்கள் தனிய வந்தனாங்கள்” என்றார் போதகர்.

“கழுத்துக்கு உள்ளால மூச்சுப் போகவேணும், ஐயாமார்” என்றார் பாஸ்ரர். “மூச்சு இப்ப எங்க இருக்கு எண்டு சனத்துக்குத் தெரியும்.”

இத்தனைக்கும் மூவர் கால்களும் கட்டுண்டே இருந்தன. இதற்கிடையில் சபையார் மற்ற மட்டைகளை எடுத்துவிட்டார்கள். கண்ணும் காதும் உடனே போயின. வாய்க்கு அடிபாடு. கடைசியில் ‘கால்’ என்ற மட்டை மட்டும் மேசையில் கிடந்தது. மாஸ்ரர் அதை எடுத்துவந்து சந்தியாப்பிள்ளையின் சேட்டில் குத்திவிட்டார். “துக்கத்திலயும் பங்குபற்றுறியள். பெரிய மனசு” என்றார்.

தேநீர் இடைவேளையில்தான் திரேசம்மாவின் பேச்சு வந்தது.

“ஞானஸ்நானம் எங்கட கோவில்ல” என்றார் சுவாமி.

“கலியாணம் எங்கட கோவில்ல” என்றார் போதகர்.

“கடைசியாய் அல்லேலூயா சொன்னது எங்கட இடத்தில” என்றார் பாஸ்ரர். “ஆறு மாசமாய் ஒரு ஞாயிறும் தவறேல்லை. என்ன ஐயா, ஏன் எண்டு அவா உங்களுக்குச் சாட்சி சொன்னவாவே?”

“முழங்கால் ஏலாது” என்றார் சந்தியாப்பிள்ளை. “உங்கட இடத்தில கதிரை இருக்கு. காத்தாடியும் இருக்கு.”

எல்லோரும் வடைத்தட்டுக்குக் கையை நீட்டினார்கள்.

மாஸ்ரருக்கு அப்போதுதான் அந்தப் பெரிய யோசனை பிறந்தது. அவர் எழும்பி நின்றே பேசினார்: “கர்த்தருடைய நடத்துதலைப் பாருங்கோ! மூண்டு கோவிலுக்கும் உரிய ஒரு ஆள், ஒற்றுமை வாரத்தில், வாசல் கட்டி முடிஞ்ச கையோட! இதைச் சாதாரண செத்தவீடா நடத்தக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழாவோட வைப்பம். படமெடுக்க ஆள் வருது. வெளிநாட்டுக்கும் அனுப்பலாம். மதிலுக்கு அதுவே போதும்.”

“ஞாயிறு வரைக்கும் அவா இருக்கமாட்டா, மாஸ்ரர்” என்றார் சந்தியாப்பிள்ளை.

“எங்க போகப்போறா?”

“நாளைக்குப் பின்னேரம் வரைக்கும்தானாம்.”

மாஸ்ரர் இதை ஒரு பின்னடைவாகவே எடுத்துக்கொண்டார். ஆனாலும் விட்டுக்கொடுப்பு இல்லாமல் ஒற்றுமை இல்லை என்று காலையில் அவரே பேசியிருந்தார். மறுநாள் பின்னேரம் என்று முடிவாயிற்று. உடனே அடக்க உபகுழு ஒன்று தெரிவானது. பூட்டைத் திறந்தவர் அதைக் கையில் பிடித்தபடியே நிற்க வேண்டும், விட்டுப்போவதானால் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று உபகுழு விதித்தது. ஒருவர் திறந்துவிட்டு நகர, மற்றவர் உள்ளே போய்த் தனியே செபம் பண்ணிவிட்டால் பிறகு ஒற்றுமை என்னாவது?

புதைகுழிக் கிடங்கு வெட்டுவது வழிபாட்டுக்குள் அடங்காது என்றும் உபகுழு கண்டது. எனவே மறுநாள் காலை இளையதம்பி மண்வெட்டியோடு மாடு போகும் பாதையால் போய், நிரோஜனின் சிலுவைக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டிவிட்டு, அதே பாதையால் வந்தார்.

சவப்பெட்டியைப் பாறூக் தன்னுடைய சின்ன லொறியில் ஏற்றினார். புத்தளத்தில் இருந்து திரும்பிவந்து விசுவமடுச் சந்தியில் கடை போட்டிருப்பவர். திரேசம்மா அவர் கடைக்குத்தான் கச்சான் கொடுப்பார். மா மூட்டையும் சீனி மூட்டையும் இறக்கி, லொறியைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். மகன் நாஸிமும் கூட வந்தான்.

வாசலுக்கு முன்னால் கதிரைகள், ஒலிபெருக்கி, மூன்று பாடகர் குழு. ஊர்ச்சனம் குடையோடு நின்றது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்டியை வாசலுக்கு நேரே இரண்டு வாங்குப் பலகைகளில் வைத்தார்கள். சந்தியாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். ‘கால்’ மட்டை இன்னும் அவர் நெஞ்சில் இருந்தது. கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கழற்றச் சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.

சுவாமி தன் பூட்டைத் திறந்தார். திறந்ததும் தூபம் போட வேண்டியிருந்தது. பூட்டை விட முடியாது. பூட்டிவிட்டுப் போய்த் தூபம் போட்டார். அந்த நேரம் போதகர் தன்னுடையதைத் திறந்து பிடித்தபடி நின்றார். தூபத்தைக் கண்ட பாஸ்ரர், அந்தப் புகை அடங்காமல் தன் பூட்டைத் தொடுவதற்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். புகை அடங்கியபோது சுவாமி வந்து திறந்தார், பாஸ்ரரும் திறந்தார். ஆனால் போதகருக்குப் பாடலைத் தொடக்கிவைக்கும் முறை வந்துவிட்டதால் அவர் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

இப்படிக் கொஞ்ச நேரம் போயிற்று. ஒரு பசு தூணுக்கு அருகால் உள்ளே போய், நின்று திரும்பிப் பார்த்தது.

“அண்ணை” என்று இளையதம்பி மெல்லக் கிட்ட வந்தார். “நான் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உந்தப் பக்கத்தால போவமே. நான் காலமை போயிட்டு வந்தனான்தானே.”

மாஸ்ரருக்குக் காது கூர்மை. செயலமர்வில் அவர் எடுத்த மட்டையும் காதுதான்.

“என்ன கதை இது, இளையதம்பி? நீர் சைவம், உமக்குத் தெரியாது. வாசலால வராமல் வேற வழியால ஏறுறவன் கள்ளன் எண்டு வேதமே சொல்லுது. சந்தியாப்பிள்ளை, திரேசம்மாவைக் கடைசி நேரத்தில கள்ளி ஆக்கப்போறியளோ?”

சந்தியாப்பிள்ளை பெட்டியைப் பார்த்தார். திரேசம்மா கள்ளிதான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மிஷன் கோவிலில் கொடுக்கும் கேக்கில் இரண்டாவது துண்டைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவருவார். அந்த நினைப்பு அவருக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் போனது.

தூற்றல் விழத் தொடங்கியது. பூட்டுப் பிரச்சினைக்குத் தீர்வாக, முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு செபம் சொல்லி மனதை ஒருமைப்படுத்துவது என்று முடிவானது. கர்த்தர் கற்பித்த செபம் எல்லோருக்கும் பொதுவானது. வார்த்தைதான் பொதுவில்லை. ஒரு கோவிலுக்குத் தந்தை, இன்னொரு கோவிலுக்குப் பிதா. ஒருவருக்கு விண்ணுலகம், மற்றவருக்குப் பரமண்டலம். அவரவர் அவரவருடையதை ஒரே நேரத்தில் சொல்லலாம் என்று மாஸ்ரர் தீர்ப்பளித்தார். சொன்னார்கள். தாங்கள் பின்னுக்கு நிற்கிறோம் என்று தோன்றியவர்கள் குரலை உயர்த்தினார்கள். மற்றவர்களும் உயர்த்தினார்கள். சுவாமியின் ஆட்கள் முதலில் ஆமென் சொல்ல, போதகரின் ஆட்கள் தங்களுடைய கடைசி வரி இன்னும் இருக்கிறது என்று பெருமையோடு தொடர்ந்தார்கள்.

அது முடிந்த கையோடு பாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “கண்களை இறுக மூடுவோமாக! ஒற்றுமையின் ஆவி இறங்கும்வரை ஒருவரும் கண் திறக்கப்படாது!”

எல்லோரும் மூடினார்கள். பாஸ்ரர் ஊருக்காக மன்றாடினார். மாவட்டத்துக்காக மன்றாடினார். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, வெளிநாட்டு உறவுகளின் விசாவுக்காக, விலை ஏறிய பசளைக்காக, உலகத் தலைவர்களின் இருதயத்துக்காக. அவர் ஒரு மூச்சு எடுத்த இடைவெளியில், தாம் பின்தங்கிவிடக் கூடாதென்று போதகர் தொடங்கினார். சுவாமியும் தொடங்கினார்.

மழை பெட்டியின் மூடியில் விழுந்து ஓடியது. சந்தியாப்பிள்ளை அதைக் கையால் வழித்துவிட்டார். திரும்ப விழுந்தது.

“சந்தியா அண்ணன்” என்றார் பாறூக், காதோடு காதாக. “மழ இறுக்கப் போகுது. என்ன செய்வம்?”

சந்தியாப்பிள்ளை சுற்றிப் பார்த்தார். ஊரே கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

“தூக்குங்கோ” என்றார்.

பாறூக், நாஸிம், இளையதம்பி, இளையதம்பியின் மருமகன் செந்தூரன். சந்தியாப்பிள்ளை முன்னால் நடந்தார். தூணைச் சுற்றி நாலெட்டு வைத்தார்கள். உள்ளே வந்துவிட்டார்கள். பசு ஒதுங்கி வழிவிட்டது.

கிடங்கில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. செந்தூரன் அதை அள்ளி ஊற்றினான். பெட்டியை இறக்கியபின் நால்வரும் சந்தியாப்பிள்ளையைப் பார்த்தார்கள். “என்னவும் சொல்ல வேணுமோ அண்ணை?” என்றார் இளையதம்பி. “எங்களுக்கு உங்கட முறை தெரியாது.”

சந்தியாப்பிள்ளைக்கும் ஒரு முறையும் முழுதாகத் தெரியாது. திரேசம்மா விளக்கு வைத்தபின் குசினிக்குள் நின்று சொல்லும் செபம்தான் காதில் இருந்தது. அது தொடக்கத்தில் பெரிய கோவிலுடையதாகவும் நடுவில் மிஷன் கோவிலுடையதாகவும் இருக்கும். கடைசியில் அல்லேலூயா சொல்லி, அதே மூச்சில் ‘கோழியை அடைச்சாச்சோ?’ என்று கேட்பார். அவர் அதைச் சொன்னார். கோழியையும் சொல்லிவிட்டார். பிறகு ஒரு பிடி மண் போட்டார். மற்ற நால்வரும் போட்டார்கள். மண்வெட்டி கைமாறியது.

கிடங்கை மூடி முடிக்கிற நேரத்துக்குள், வாசலில் மூன்று செபங்களும் களைத்து ஆமெனுக்கு வந்தன. கண்ணைத் திறந்தார்கள். இரண்டு வாங்கு மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

ஒரு கணம் பாஸ்ரரின் முகத்தில், இது தன்னுடைய செபத்தின் விளைவாக இருக்குமோ என்ற பயமும் நம்பிக்கையும் வந்துபோயின. பிறகு யாரோ உள்ளே கையைக் காட்டினார்கள். சுவாமியும் போதகரும் பாஸ்ரரும் பதறிக்கொண்டு ஒரே நேரத்தில் கேற்றுக்கு ஓடினார்கள், ஒரே நேரத்தில் திறப்பைப் போட்டார்கள். மூன்று பூட்டும் ஒரே நேரத்தில் திறந்தன. கேற் கிரீச்சென்று விரிந்தது.

“அசையாதேங்கோ!” என்று மாஸ்ரர் கத்தினார். “அப்பிடியே நில்லுங்கோ! படம்! படம்!”

படம் எடுத்தார்கள். பிறகு ஊர்வலம் முறைப்படி வாசலால் உள்ளே வந்தது. முன்னால் சிலுவை, அடுத்துப் பாடகர் குழு, அடுத்துக் குருமார், அடுத்துச் சனம். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டிதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழாவில் மாஸ்ரர் அறிக்கை வாசித்தார். திருச்சபை வரலாற்றில் மூன்று பூட்டுகள் ஒரே நொடியில் திறந்த சம்பவம் வேறு பதிவாகவில்லை என்றார். அமரர் திரேசம்மாவைப் பொறுத்தவரை, அவர் வாசலால் வராதபடியால் பேரவையின் விதிப்படி அடக்கம் இன்னும் நடைபெறவில்லை என்றே கொள்ளவேண்டும், ஆகவே அவர் இப்போதைக்கு வெளியே நிற்பதாகவே கருதப்படுவார், பொருத்தமான ஒரு நாளில் கூட்டு வழிபாட்டோடு உள்ளே அழைக்கப்படுவார் என்றும் அறிவித்தார். சபை தலையசைத்தது.

பிறகு சந்தியாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒற்றுமையின் முதற்கனி என்றார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்” என்றார். “அது பெரிய உதவி.”

நல்ல கைதட்டு விழுந்தது.

அதன் பின்னர் பேரவையில் புதுச் செபக்கூட்டம் ஒன்று சேர்ந்தது. கேற்றில் நாலாவது பூட்டும் போட்டார்கள். சந்தியாப்பிள்ளை பின்னேரங்களில் தண்ணி வாளியோடு தூணுக்கு அருகால் போய், சிலுவையடியிலும் பக்கத்திலும் ஊற்றிவிட்டு, தூணுக்கு அருகால் வருகிறார்.

மதில் இன்னும் கட்டவில்லை.